பார் மிட்ஸ்வா மதமாற்றச் சடங்கு அல்ல

“13 வயதில் பார் மிட்ஸ்வா சடங்கு முடிந்த பிறகுதான் ஒரு பையன் யூதனாகிறான்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

யூதத் தாய்க்குப் பிறந்த குழந்தை, மரபுச் சட்டப்படி பிறப்பிலேயே யூதர்தான். 13 வயதில் வருவது மதக் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு. விழா எடுக்காவிட்டாலும் அது வந்துவிடும். யூதச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் ‘பிர்கே அவோத்’ என்ற பகுதியின் 5-ஆம் அத்தியாயத்தைப் புரட்டினால் இந்த வயதுக் கணக்கைப் பார்க்கலாம்.

விழாவன்று ஜெப ஆலயத்தில் பையனை யூதர்களின் வேத நூலான தோராவை வாசிக்க அழைப்பார்கள். தோல் சுருளில் விரல் படாமல், சின்ன வெள்ளிக் கோலால் வரியைச் சுட்டியபடி ராகத்தோடு வாசிப்பான். அப்புறம் பல சபைகளில் மிட்டாய் வீசுவார்கள். பொறுக்க ஓடும் பிள்ளைகளைப் பார்க்கவே அவ்வளவு அழகு! பெண் பிள்ளைகளுக்கு மரபுப்படி அந்தப் பொறுப்பு 12 வயதிலேயே வந்துவிடும்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.