ஓடாத வண்டிக்கும் காசு கொடுக்கணும்

அப்பாவை உள்ளே கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் இருக்கும். மருந்து வாங்க வெளியே வந்தால், எங்களைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் அதே இடத்தில் நிற்கிறது. பின்கதவு திறந்து கிடக்க, டிரைவர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கிளம்பலையாண்ணே?"

"ஸ்ட்ரெச்சர் உள்ள மாட்டிக்கிச்சு தம்பி. உங்கப்பா அதுலதான் படுத்திருக்கார். கட்டில் காலியாகி அவரை மாத்துனாத்தான் வண்டி நகரும்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் அவருக்கு ரெண்டு அழைப்பு வந்தது. ரெண்டுக்கும் ஒரே பதில்: "ஸ்ட்ரெச்சர் இல்ல சார்." அந்த ரெண்டு பேருக்கும் வேறு வண்டி கிடைத்ததா என்று தெரியாது. இஞ்சின் ஓடுகிறது, டீசல் இருக்கிறது, ஆள் இருக்கிறார். படுக்கை மட்டும் எங்கப்பாவுக்கு அடியில்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் முதலில் சொன்னதே, "வண்டிக்கெல்லாம் போன் போடாத, எவ்வளவு கேப்பானோ. இது வெறும் வாயு" என்பதுதான். அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே இருபது நிமிஷம் போச்சு. இதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்தவோ மின்னதிர்ச்சி கொடுக்கவோ ஆளில்லாத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். அவருக்கு இதயம் நிற்கவில்லை. எங்கள் அதிர்ஷ்டம், வேறென்ன.

இந்த ரெண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கட்சி. ஆம்புலன்ஸை நாம் இன்னும் வாடகை வண்டியாகத்தான் பார்க்கிறோம். ஏறினால் காசு, ஏறாவிட்டால் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். வண்டிக்கு ரெண்டு பேர் என்றால் 336 ஆள்-மணி. ஆளுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று வைத்தாலும் 7 பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் 8 பேர், 9 பேர். ஒரே ஒரு வண்டியை ராப்பகலாகத் தயாராக வைத்திருக்க இத்தனை சம்பளம். வண்டி பத்து டிரிப் போனாலும் சரி, ஒன்றுகூடப் போகாவிட்டாலும் சரி, இந்தச் செலவு அசையாது. அதற்குப் பக்கத்தில் டீசல் செலவெல்லாம் சொற்பம். அதாவது, செலவு முழுக்கக் காத்திருப்பதில் இருக்கிறது, வரவு மட்டும் ஓடுவதில் இருக்கிறது. இப்படி ஒரு தொழிலை எவன் நடத்தினாலும் என்ன செய்வான்? சும்மா நிற்கிற வண்டியைக் குறைப்பான். குறைத்த மறுநாள் ஒரே நேரத்தில் மூணு பேருக்கு நெஞ்சுவலி வரும்.

தீயணைப்பு நிலையத்தில் வண்டி சும்மா நின்றால் நாம் கவலைப்படுவதில்லை. நல்ல செய்தி என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். வீடு எரிந்தவனிடம் கிலோமீட்டர் கணக்கில் பில்லும் நீட்டுவதில்லை. அதே அவசரம், அதே சைரன், இங்கே மட்டும் மீட்டர் ஓடுகிறது.

பணக்கார நாடுகளிலும் இந்தப் புத்தி மாறவில்லை. ஜெர்மனியில் ஆம்புலன்ஸுக்கான காசைப் பெரும்பாலும் மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள்தான் கொடுக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தில் அது எந்தத் தலைப்பில் இருக்கிறது தெரியுமா? 'பயணச் செலவு'. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடும் அடிப்படையில் அப்படித்தான், நோயாளியை ஏற்றிப் போனால்தான் பணம். சர்க்கரை அளவு சரிந்து மயங்கிக் கிடப்பவருக்கு வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றி, எழுப்பி உட்காரவைத்து, அவர் "நான் வரலை" என்று சொல்லிவிட்டால் அது வரவில்லாத வேலை. ஆளைப் பிழைக்கவைத்தது கணக்கில் வராது, தூக்கிப்போட்டுக் கொண்டுபோனால்தான் வரும். அங்கே இன்னொரு கூத்தும் உண்டு. காப்பீட்டுக்கு வெளியே திடீர் பில் வராமல் காக்க ஒரு சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் அதில் அடங்கும். தரையில் ஓடுகிற சாதாரண ஆம்புலன்ஸை வெளியே விட்டுவிட்டார்கள்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தேடினால் சிரிப்பும் வருகிறது, வயிறும் கலங்குகிறது. 1966-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியது சுமார் 12,000 சவ அடக்கத் தொழில்காரர்கள் என்று அதில் இருக்கிறது. காரணம், ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பிழைத்தாலும் வாடகை, போனாலும் வாடகை! அதே 1966-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர் கார் பேட்டரியில் இயங்கும், ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ள மின்னதிர்ச்சிக் கருவியை வண்டியில் ஏற்றி நோயாளி இருக்கும் இடத்துக்கே அனுப்ப ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி நம்மைத் தேடி வரலாம் என்று காட்டியாச்சு. கணக்குப் புத்தகம் மட்டும் இன்னும் சவ வண்டிக் காலத்திலேயே நிற்கிறது.

"தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு டென்மார்க்கின் தெற்குப் பகுதியைச் சொல்லலாம். அங்கே டெண்டர் எடுத்த புதிய நிறுவனம் 2015 செப்டம்பரில் வண்டிகளை ஓட்ட ஆரம்பித்தது. வண்டியிலேயே அவசர சிகிச்சை கொடுக்கப் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் வேண்டிய அளவு கிடைக்காமல் திணறி, அடுத்த ஜூலையிலேயே திவால். கடைசியில் பிராந்திய அரசே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. தனியார் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதே டென்மார்க்கில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு தனியார் நிறுவனம் இந்தச் சேவையில் இருக்கிறது. எதற்குக் காசு என்று ஒப்பந்தம் சொல்கிறது என்பதுதான் விஷயம். 'நூற்றில் தொண்ணூறு அழைப்புக்கு 8 நிமிஷம் 59 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும்' என்று எழுதுவது அமெரிக்க ஊர்களில் வெகுகாலப் பழக்கம். அதை மட்டும் எழுதி நிறுத்தினால், ஒன்பதாவது நிமிஷம் தாண்டிய நோயாளி ஏற்கெனவே 'தோற்றுப்போன' கணக்கில் விழுந்துவிட்டார். பத்தில் போனால் என்ன, இருபத்தைந்தில் போனால் என்ன?

இலவசமாக்கினால் தலைவலிக்கும் கூப்பிடுவார்கள் என்பது அடுத்த வாதம். தள்ளிவிட முடியாதது. ஜப்பானில் தீயணைப்புத் துறைதான் ஆம்புலன்ஸை இலவசமாக ஓட்டுகிறது. அங்கே மாட்சுசாகா நகரத்தின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகள் 2024 ஜூனிலிருந்து, ஆம்புலன்ஸில் வந்து அட்மிட் ஆகாமல் திரும்புகிறவர்களிடம் பொதுவாக 7,700 யென் வாங்குகின்றன. அவர்கள் சிரமம் புரிகிறது. ஆனால் அட்மிட் ஆவேனா மாட்டேனா என்பதை நோயாளி முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பார்? எங்கப்பாவும் அன்றைக்கு நோயைக் கண்டுபிடித்துத்தான் சொன்னார். வாயு என்று.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து செய்த வேலை. 2003-இல் மின்சார பில்லோடு ஆம்புலன்ஸுக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்தார்கள். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கட்டினார்கள், கூப்பிட்டபோது பில் இல்லை. ரெண்டு இணைப்பு வைத்திருப்பவன் ரெண்டு தடவை கட்டணுமா என்ற முணுமுணுப்பும் இருந்தது. நியாயமான முணுமுணுப்பு. 2011-இல் அதை எடுத்துவிட்டுப் பொது பட்ஜெட்டிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் இருக்கணும் என்கிறேன். இங்கிலாந்தின் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்கள் பெரும்பாலும் நன்கொடையில் பறக்கின்றன. கொடுக்கிறவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் உண்டியல் நிரம்புகிற அளவுக்குத்தான் உயிர் என்பது எனக்கு ஒப்பவில்லை.

காசை மட்டும் மாற்றினால் போதாது, அதையும் சொல்லியாக வேண்டும். கொண்டுவந்த நோயாளியை 15 நிமிஷத்தில் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்தில் இலக்கு. அங்கேயே அது தவறுவதும், வண்டிகள் வாசலில் வரிசைகட்டுவதும் வழக்கமாகிவிட்டது. புது வண்டிக்குக் கொடி அசைக்கிற படம் நல்லா வரும். ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டில் கூடுதலாகப் போட்டால் படம் வராது. வாசலில் நிற்கிற வண்டிகளை விடுவிப்பது அந்தக் கட்டில்தான்.

அப்பாவுக்குக் கட்டில் கிடைக்க மேலும் நாற்பது நிமிஷம் ஆனது. டிரைவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து, மேல்விரிப்பைத் துடைத்து, வண்டிக்குள் ஏற்றிப் பூட்டினார். பிறகு லாக் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான், "இங்க நின்னதை எங்கண்ணே எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குக் கட்டம் கிடையாது தம்பி" என்று புத்தகத்தை மூடிவிட்டு போனை எடுத்தார்.