விஷக் கூட்டமாம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக என் இன்பாக்ஸில் அதைத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் மறுபடி இங்கே போடப் போவதில்லை. லேஸும் குடைபோல் விரிந்த பாவாடையுமாகப் பொம்மை மாதிரி உடுத்தும் ஜப்பான் லோலிட்டா உடையைப் பற்றி இருபத்தைந்து நிமிடம், அதில் பழைய இணையக் குழுக்களுக்கு நாற்பது விநாடி. 'அப்ப இருந்தது ஒரு விஷக் கூட்டம், நல்லவேளை ஒழிஞ்சுது' என்று சிரித்துவிட்டு அந்தத் தங்கச்சி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. சரி. ஆனால் அந்த நாற்பது விநாடியும் திரையில் ஓடியது என்ன? காதிக் அண்ட் லோலிட்டா பைபிள் இதழின் பழைய பக்கங்கள். நடுமடிப்பின் நிழல் தெரிகிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோகூடத் தெரிகிறது. அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து போட்டதே அந்தக் குழுக்கள்தான். அது விஷக் கூட்டத்தின் கட்டைவிரல், தங்கச்சி.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அது வேலை. யாரோ ஒருத்தி காலேஜ் முடிந்து வந்து, ராத்திரி உட்கார்ந்து, சம்பளமில்லாமல் செய்த வேலை.

பைபிள் 2001இல் ஜப்பானில் வந்தது. ஆங்கிலப் பதிப்பு என்று ஒன்று வர 2008 ஆயிற்று, அதுவும் அடுத்த ஆண்டே நின்றுபோனது. இடையில் இருந்த ஏழு வருடம் வெளிநாட்டில் இருந்தவர்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்? லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் இஜிஎல் என்று ஒரு குழு. மாலிஸ் மிஸர் இசைக்குழுவின் மானா தன் உடைகளுக்கு வைத்த 'எலிகன்ட் காதிக் லோலிட்டா' என்ற பெயரின் சுருக்கம் அது. அன்று பல கடைகள் ஜப்பானுக்கு வெளியே பார்சலே அனுப்பாது. உடை பெரும்பாலும் ஒரே அளவு. வாங்கியவள் இஞ்ச் டேப்பை எடுத்து மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை, முதுகில் சுருக்கு எலாஸ்டிக் இழுத்தால் இன்னும் இத்தனை சென்டிமீட்டர் வரும் என்று எழுதிப் போடுவாள். எந்த இடைத்தரகர் நம்பகமானவர், யார் ஏமாற்றுகிறார் என்று இன்னொருத்தி பட்டியல் வைத்திருப்பாள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருத்தி தையல் குறிப்பை வரி வரியாக ஆங்கிலத்தில் மாற்றிப் போடுவாள். இதற்கெல்லாம் ஸ்பான்சர் கிடையாது, கோலாப் கிடையாது.

'ஸ்கேன் போட்டது திருட்டுதானே' என்பீர்கள். ஆமாம், திருட்டுதான். அதைத்தானே நீங்களும் உங்கள் வீடியோவில் போட்டீர்கள்?

நான் 2007இல் எம்.எஸ். படிக்க கலிபோர்னியா போனேன். அன்று 24,000 யென் கவுன் ஒன்று ஏறக்குறைய 200 டாலர். 2011க்குள் யென் ஏறி அதே விலை 300 டாலராகிவிட்டது. என் மாத மளிகைச் செலவு அதில் பாதிகூடக் கிடையாது. அதனால் குழு வழியாக ஒரு பழைய பாவாடை வாங்கினேன், கருநீலம், கீழே இரண்டு அடுக்கு லேஸ். விற்றவள் ஒரு அடுக்கு லேஸ் தானே மாற்றித் தைத்தது என்று சொல்லி, தையலைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டிருந்தாள். பார்சலில் கைப்பட எழுதிய ஒரு தாள்: பச்சைத் தண்ணீரில் அலசு, முறுக்கிப் பிழியாதே, இடுப்பு எலாஸ்டிக் இன்னும் ரெண்டு வருஷம்தான் தாங்கும். அம்மாவிடம் போனில் சொன்னேன். 'பாவாடை சட்டை போடச் சொன்னா பத்து வயசுல ஊரக் கூட்டி அழுதவ, இப்ப காசு குடுத்துப் பாவாடை வாங்குறியா' என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது ஒருவர் வருவார், 'அக்கா, உங்களையே அங்கே அசிங்கப்படுத்தினார்களே, நீங்களே எழுதியிருக்கிறீர்களே' என்று. ஆமாம். ஒரு குழுவில் படம் போட்டேன், முதல் பதில் ஒரே சொல்: இட்டா. வலிக்கிறது என்ற ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது, பார்க்கக் கண் வலிக்கிறதாம். இரண்டாவது பதில் என் நிறத்துக்கு அந்தத் தந்தநிறச் சட்டை எடுக்காது என்றது. ரொம்ப மரியாதையாக, சிரிப்புக் குறி எல்லாம் போட்டு. மூன்று நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. திறந்தபோது அடியில் இன்னொருத்தி பதினொரு வரி எழுதியிருந்தாள்: உள்பாவாடை போதவில்லை (நம்மூரில் லெஹங்காவுக்குள் போடும் கான்-கான் மாதிரிதான், அது இல்லாவிட்டால் பாவாடை தொங்கிவிடும்), இன்னொன்று சேர்த்துப் போடு, காலுறை நிறம் லேஸோடு சேரவில்லை, சட்டை உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, கழற்றாதே. முகம் தெரியாத என்னை உட்காரவைத்துப் பதினொரு வரி. அதுவும் வேலைதான்!

கொடுமையே நடக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? பேர் மறைத்துக் கேலி செய்யத் தனிக் குழுவே இருந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு பெண் ரீல் போட்டால் அடியில் வருவதைப் படித்துப் பாருங்கள். அவர்களாவது காலுறையைத் திட்டினார்கள்.

பணக்காரிகளின் விளையாட்டு என்பவர்களுக்கு, மேலே மளிகைக் கணக்கு இருக்கிறது. பெயரை வைத்து மூக்கைச் சுளிப்பவர்களுக்கு இருபது வருடமாகப் பதில் சொல்லியாயிற்று: நபகோவின் 'லோலிட்டா' நாவலுக்கும் இந்த உடைக்கும் சம்பந்தமில்லை, போய் வேலையைப் பாருங்கள்.

2009இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் லோலிட்டா மாடல் மிசாகோ அயோகியைக் 'காவாயி' (செல்ல அழகு என்று பொருள்) தூதராக அறிவித்தது. நல்ல விஷயம். அவர் வெளிநாடு போய் இறங்கியபோது தலையில் ரிப்பன் முடிச்சு, கையில் குடை என்று முழு உடையில் காத்திருந்த பெண்களை எந்த அமைச்சகம் தயார் செய்தது? அதே ஆண்டுதான் 'பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்' என்ற லோலிட்டா உடை நிறுவனம் சான்ஃபிரான்சிஸ்கோ ஜப்பான்டவுனில் கடை திறந்தது. பத்து வருடம் ஓசியில் விளம்பரம் செய்த கூட்டத்தை இன்று நாற்பது விநாடியில் 'ஒழிஞ்சுது'.

ஒழிந்தது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். 2017இல் கெரா என்ற ஜப்பானிய ஃபேஷன் இதழ் அச்சில் நின்றது, பைபிளும் நின்றது. அந்த ஜூன் கடைசியில், குழுவில் பலர் படங்களை ஏற்றிவைத்திருந்த ஃபோட்டோபக்கெட் தளம், வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டு என்றது. யார் கட்டுவார்கள்? ஒரே ராத்திரியில் பழைய பதிவுகளில் படங்கள் போய்விட்டன. அதற்குள் பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்கு வந்தாயிற்று என்பது வேறு. 'இந்தப் பொத்தானைக் கவனியுங்கள், போலியில் இது இருக்காது' என்று எழுதியிருக்கும், கீழே சாம்பல் கட்டம். எந்தப் பொத்தான்?

நேற்று ராத்திரி அந்தப் பாவாடை விற்றவளைத் தேடிப்போனேன். வீடியோ பார்த்த கோபத்தில்தான், வேறு எதற்கு. கணக்கை அழித்துவிட்டால் லைவ்ஜர்னலில் பெயரின் மேல் ஒரு கோடு விழும். அவள் பெயர் மேல் கோடு. நான் போட்ட 'பார்சல் பத்திரமாக வந்தது, நன்றி' மட்டும் அடியில் அப்படியே இருக்கிறது. பாவாடை பீரோவில் இருக்கிறது. எலாஸ்டிக் அவள் சொன்ன மாதிரியே ரெண்டு வருஷத்தில் போய்விட்டது. இதுவரை மூன்று தடவை மாற்றியாயிற்று.