திருப்பத்தூர் கல் மதகு திப்பு சுல்தானின் சுரங்கம் அல்ல

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் பழைய மண்மேட்டின் கீழுள்ள கல் வளைவை, திப்பு சுல்தான் புதையலை மறைத்த சுரங்கத்தின் வாயில் என்று கூறும் வாட்ஸ்அப் செய்தி படத்துடன் பரவி வருகிறது. இது தவறு.

அந்த மேடு, 1905-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட குறுகிய ரயில் பாதையின் எச்சம். பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசெல்ல உதவும் என்று அமைக்கப்பட்ட இந்தப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கைவிடப்பட்டது. திப்பு மறைந்ததோ 1799-இல். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியதே 1853-இல்தான்.

படத்தை நிதானமாகப் பாருங்கள். வளைவின் மறுபுறம் வெளிச்சம் தெரிகிறது, கற்களில் முழங்கால் உயரம் வரை நீர்க்கறை படிந்திருக்கிறது. மழைநீர் மேட்டை அரிக்காமல் கடந்து செல்லக் கட்டப்பட்ட மதகு அது. ரயில் செங்குத்தாக ஏற முடியாது என்பதால்தான் மேடும் சீரான சரிவுடன், பெரிய வளைவுகளாகத் திரும்பிச் செல்கிறது. மாட்டுவண்டித் தடத்துக்கு இந்த அமைப்பு தேவையில்லை.

சரிபார்க்க விரும்புவோர் 1918-இல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியரை (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பு நூல்) பார்க்கலாம். வட ஆற்காட்டுடன் சேர்க்கப்படும் முன்பு திருப்பத்தூர் சேலம் மாவட்டத்தில் இருந்ததால், வேலூர் ஆவணங்களில் மட்டும் தேடினால் போதாது.

இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். புதையலை நம்பி யாரேனும் கற்களைப் பெயர்த்தால், அடுத்த மழையில் வெள்ளம் பக்கத்து வயல்களில்தான் புகும்.