முதுகில் ஒளித்து வைத்த தேதி

அமெரிக்காவில் ஆர்.வி. என்கிற, படுக்கை, அடுப்போடு கூடிய வீட்டு வண்டிக்குள் மாட்டியிருக்கும் கேஸ் டிடெக்டருக்கு, அதாவது கேஸ் கசிந்தால் அலறும் கருவிக்குப் பெரும்பாலும் ஆயுள் 5 முதல் 7 வருஷம்தான். அதைக் கணக்குப் பார்க்க வேண்டிய தேதியை எங்கே அச்சடிக்கிறார்கள்? பெட்டியின் முதுகில்! அந்த வண்டியில் எரிக்கிற புரொப்பேன் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அதனால் டிடெக்டரைத் தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள். அது சரி. ஆனால் தேதி பார்க்க ஒரு மனுஷன் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, 12 வோல்ட் ஒயர் அறுந்துவிடாமல் மெல்ல வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் அந்த டெஸ்ட் பட்டன். அமுக்கினால் அலறுகிறது. பல மாடல்களில் அது சோதிப்பது சர்க்யூட்டையும் அலாரத்தையும் மட்டும்தான். வாயுவை உணர வேண்டிய சென்சார் வேலை செய்கிறதா என்று சொல்லாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தச் சத்தத்தை நம்பித்தானே பிள்ளைகுட்டியோடு உள்ளே படுக்கிறார்கள்? பல டிடெக்டர்கள் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டிய கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கு வாசனைகூடக் கிடையாது.

ஆயுள் முடிந்தால் நடுராத்திரியில் விட்டுவிட்டுக் கீச் கீச். பேட்டரி இறங்கினாலும் கத்தும், ஹேர் ஸ்ப்ரே அடித்தாலும் கத்தும். எரிச்சலில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நினைத்தாலே பதறுகிறது. சரி, புதுசு வாங்கலாம் என்றால் பல சமயம் பழைய ஓட்டையில் உட்காராது. ஒன்று சுவரை அறுக்க வேண்டும், இல்லையென்றால் அதே அளவைத் தேடி அலைய வேண்டும். எல்லாக் கம்பெனியும் ஒரே அளவில் செய்தால் ஆகாதா?