சிலை ஆறு, வயிறு இல்லை

(நகரச் சதுக்கம். இருட்டத் தொடங்கும் நேரம். கையில் ஆளுக்கொரு பெட்டியோடு ஆறு வெண்கல மனிதர்கள் எங்கேயோ நடந்தபடி நிற்கிறார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பகல் காவலாளி மாணிக்கம். நைட் டியூட்டிக்குப் புதிதாகச் சேர்ந்த சேகர், டார்ச்சோடு வருகிறான். இருவரும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ராத்திரிக் காவலுக்கு உள்ளூர்க்காரர் எங்கே வரப்போகிறார்?)

சேகர்: அண்ணே, நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மாணிக்கம்: வந்ததும் வராததுமா என்னடா?

சேகர்: ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கீங்க? 'சிலை 6. டேமேஜ் இல்லை.' அந்தாளைப் பாருங்க. நெஞ்சுலேருந்து தொடை வரைக்கும் காணோம்! நடுவுல அந்தப் பக்கத்து ரோட்டுல பஸ் போறது தெரியுது.

மாணிக்கம்: அது அப்படித்தான் தம்பி.

சேகர்: அப்படித்தான்னா? நீங்க மத்தியானம் கண்ணசந்திருப்பீங்க, எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். வெண்கலம்ணே! பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துக்குவான். காலையில சூப்பர்வைசர் வந்து 'நடு உடம்பு எங்கே'ன்னா, நான் என் வயித்தையா அறுத்துக் குடுப்பேன்?

மாணிக்கம்: வரும்போதே அப்படித்தான் வந்துச்சு. ஆறு பேருக்கும் வயிறு கிடையாது.

சேகர்: ஆறு பேருக்குமா! (டார்ச் அடித்து) அய்யய்யோ, இந்தம்மாவுக்கு முதுகே இல்லியே.

மாணிக்கம்: இறக்கின அன்னைக்கு நானும் உன்னை மாதிரிதான் குதிச்சேன். 'பாதியத்தான்யா இறக்கியிருக்கே, மீதி லாரியில கிடக்கான்னு பாரு'ன்னு கிரேன்காரர்கிட்ட சண்டை. அவரு பாவம், லாரிக்கு அடியில எல்லாம் குனிஞ்சு தேடினாரு. அப்புறம் சிற்பி வந்துதான் சொன்னாரு, ஊரை விட்டு வந்தவனோட ஒரு பங்கு ஊர்லயே நின்னுடுதாம். அதுக்காக விட்ட இடமாம்.

சேகர்: பாதி வேலைக்கு முழுக்கூலி வாங்கியிருக்காரு.

மாணிக்கம்: இவருக்கு முன்னாடியே செஞ்சவர் இருக்காரு. புரூனோ கத்தலானோன்னு பேரு. 1960ல மொராக்கோவில பொறந்தவர், சின்ன வயசுலயே பிரான்சுக்குப் போயிட்டாரு. கொஞ்ச காலம் கப்பல்ல மாலுமி. அப்புறம் சிலை செய்ய வந்தாரு. 2004ல ஒரு சிலையில ஏதோ கோளாறாகிப்போச்சு. மனுஷன் அதைத் தூக்கிப் போடல. நெஞ்சை இன்னும் தோண்டி ஓட்டையாக்கிட்டாரு. அதுக்கப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டாரு. 2013ல பிரான்சுல மர்சேய் துறைமுகத்துல இப்படி ஆளுயரத்துக்கு நிறுத்தி வச்சு, உலகமே போட்டோ எடுத்துச்சு.

சேகர்: கோளாறுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே! அப்ப டேமேஜ்தானே?

மாணிக்கம்: நீ உடைச்சா டேமேஜு. அவர் உடைச்சா பாணி.

சேகர்: (சுற்றி வந்து) அதெல்லாம் இருக்கட்டும். கீழ ரெண்டு காலு, மேல தோளும் தலையும், நடுவுல காத்து. விழாம எப்படிண்ணே நிக்குது? ராத்திரி நான் அடியில உட்கார்ந்திருக்கணும்.

மாணிக்கம்: கையைப் பாரு. தோள்லேருந்து கை இறங்குதா? கை பெட்டியப் பிடிச்சிருக்கா? பெட்டி காலோட ஒட்டியிருக்கா? மேல இருக்கற பாரம் மொத்தமும் பெட்டி வழியாத்தான் கீழ இறங்குது.

சேகர்: அப்ப ஆளு பெட்டியத் தூக்கல...

மாணிக்கம்: பெட்டிதான் ஆளைத் தூக்கிட்டு நிக்குது.

சேகர்: என் பெட்டியும் அப்படித்தாண்ணே, என்னை இழுத்துட்டு வந்துச்சு. எங்கம்மா அடைச்ச அடைப்பு.

மாணிக்கம்: உனக்கு ஆறு பேருக்கே இந்தப் பாடு. வாத்திகன்ல, புனித பேதுரு சதுக்கத்துல, 2019ல ஒரு வெண்கலப் படகு வச்சாங்க. போப் பிரான்சிஸ் திறந்து வச்சாரு. செஞ்சவர் கனடாக்காரர், டிமதி ஷ்மால்ட்ஸ். பல காலத்து, பல நாட்டு அகதிங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மொத்தம் 140 பேர்.

சேகர்: 140-ஆ! எண்ணி முடிக்கறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடுமே.

மாணிக்கம்: அந்தச் சதுக்கத்துத் தூண் வரிசைக்கு மேலயும் 140 புனிதர் சிலை இருக்கு. அந்தக் கணக்குக்குத்தான் இதுவும்.

சேகர்: மேல 140, கீழ 140. எவனாவது இறங்கி ஏறிட்டா ரெண்டு ரிஜிஸ்டரும் போச்சு.

மாணிக்கம்: கூட்டத்து நடுவுல ரெண்டு இறக்கை மட்டும் மேல நீட்டிக்கிட்டிருக்கும். உள்ள யாரோ ஒருத்தர் தேவதூதர்.

சேகர்: இறக்கை வச்சிருக்கறவரு எதுக்குண்ணே படகுல வர்றாரு?

மாணிக்கம்: பறந்து வந்தா விசா கேட்பாங்கள்ல.

சேகர்: நம்ம ஆறு பேர்கிட்ட கேட்கலியா?

மாணிக்கம்: கேட்காமலா? ஒரு கட்டு பேப்பர் இருக்கு. ஆளுக்கு உயரம், எடை, நாலு பக்கமும் போட்டோ, இன்சூரன்ஸ். இந்த இடத்துல மூணு மாசம் நிக்க அனுமதி. மழை பெஞ்சா மெத்துனு துணியால துடைக்கணும். நாள் முடிஞ்சதும் கீறல் படாம சுத்தி, வந்த இடத்துக்கே பத்திரமா அனுப்பி வைக்கணும்.

சேகர்: எனக்கு ஒரு மாசத்துக்குத்தாண்ணே வேலை. இன்சூரன்ஸ் கிடையாது. நனைஞ்சா நானேதான் துடைச்சுக்கணும்.

மாணிக்கம்: உனக்கு வயிறு இருக்கு. வயிறு இருக்கறவனை எவன்டா மெனக்கெட்டுக் கூப்பிட்டு வச்சுக்குவான்?

சேகர்: பகல்ல ஜனங்க வந்து என்ன சொல்றாங்க?

மாணிக்கம்: பிள்ளைங்க ஓட்டைக்குள்ள தலையை விட்டு போட்டோ எடுக்குதுங்க. நேத்து ஒரு அம்மா சிலையோட கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எங்கேருந்து வந்தியோ, எதையெல்லாம் விட்டுட்டு வந்தியோ'ன்னு கண் கலங்கிட்டாங்க. நான் 'தொடாம பாருங்கம்மா'ன்னேன். சட்டுனு திரும்பி, 'நீ எந்த ஊருய்யா? இங்க எதுக்கு வந்தே?'ன்னு கத்திட்டாங்க.

சேகர்: நீங்களும் பெட்டியோட நின்னிருக்கணும்ணே.

மாணிக்கம்: சரி, நேரமாச்சு, கையெழுத்துப் போடு.

சேகர்: 'டேமேஜ் இல்லை'ன்னு போட மாட்டேன்.

மாணிக்கம்: 'சிலை 6, பெட்டி 6, வயிறு வரவில்லை'ன்னு எழுதிக்கோ.

சேகர்: 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கே. மீதி எங்கேன்னு கேட்பாங்களே?

மாணிக்கம்: 'ஊரில் உள்ளது'ன்னு போடு.

சேகர்: எந்த ஊருன்னு?

மாணிக்கம்: கட்டம் சின்னது. விடு.

(சேகர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போடுகிறான்.)

மாணிக்கம்: சரி, இப்ப நீ சார்ஜ் குடு. ரூம் சாவி எங்கே?

(இருவருக்கும் ஒரே ரூம், ஒரே கட்டில். பகலில் சேகர் தூங்குவான், இரவில் மாணிக்கம்.)

சேகர்: இந்தாங்க. கட்டில் ஒண்ணு, தலையணை ஒண்ணு, போர்வை ஒண்ணு.

மாணிக்கம்: டேமேஜ்?

சேகர்: ...மத்தியானம் புரண்டு படுத்தேன். ஒரு கால் முறிஞ்சுடுச்சுண்ணே.

மாணிக்கம்: அடப்பாவி! ராத்திரி நான் எப்படிடா படுக்கிறது?

சேகர்: தாராளமா படுக்கலாம். கால் இருந்த இடத்துல என் பெட்டிய முட்டுக் குடுத்திருக்கேன், ஜம்முனு நிக்குது. அதை மட்டும் இழுத்துடாதீங்க.

மாணிக்கம்: இதை டேமேஜ்னு எழுதட்டுமா?

சேகர்: பாணின்னு எழுதிக்குங்கண்ணே.