உலை வாங்கியாச்சு, ஐந்தாம் வருடம் யார் ஓட்டுவது?

பிளாஸ்டிக் குப்பையிலிருந்து எரிபொருள் எடுக்கும் உலையை மக்கள் குழுவே நடத்தலாம், எண்ணெய் விற்ற காசில் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. தொடங்கி வைக்க நன்கொடை கிடைத்துவிடும், சரி, அப்புறம்? கேஸ்கெட் (மூடி இடுக்கில் வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) போகும், குளிர்விக்கும் குழாயில் மெழுகு அடைக்கும், உலையின் அடியில் கரி படிந்து சூடு சரியாக ஏறாது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரிகூடக் காணோம்.

உண்மையான வேலை பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் மேசையில்தான். பை, டப்பா செய்யும் பாலித்தீன், பாலிப்ரோப்பிலீன் இரண்டையும் ஆக்சிஜன் படாமல் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நல்ல எண்ணெய் வரும். அதில் தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசி துண்டுகள் கலந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கிளம்பி இரும்பை அரிக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் எண்ணெய் அதிகம் தேறாது, பொடியாகப் படிந்து குழாயை அடைப்பதுதான் மிச்சம் (அதை மறுசுழற்சிக்கு விற்றாலே காசு, உலையில் போடுவானேன்). ஆர்வத்தில் வரும் தன்னார்வலர்கள் கொஞ்ச நாள் பிரிப்பார்கள், வருடக்கணக்கில் பிரிக்கக் கூலி கொடுத்தே ஆக வேண்டும், அந்தக் கூலியையும் கச்சா எண்ணெய் விலையை நம்பிக் கணக்குப் போட்டால் விலை இறங்கிய மாதமே சம்பளம் நிற்கும். குப்பை அள்ளும் கட்டணத்தில் ஒரு பங்கை உள்ளாட்சி எழுத்துப்பூர்வமாக ஒதுக்கித் தரட்டும்.

இன்னொன்று, வரும் எண்ணெயை அப்படியே டீசல் வண்டியில் ஊற்றலாம் என்பது ஆபத்தான பேச்சு. வடித்துப் பிரிக்காத எண்ணெயில் பெட்ரோல் போலச் சட்டென்று தீப்பற்றும் பகுதியும் கலந்திருக்கும். வாயுக் கசிவுக்கும் புகைக்கும் பொறுப்பேற்கும் பயிற்சி பெற்ற ஆள் இல்லாத இடத்தில் உலையை மூட்டவே கூடாது.