கடலோரத்தில் தங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

போன மாதம் ஒரு கடற்கரை நகரத்திலிருந்து அரை மணி நேரம் தள்ளி, மூன்றே அறைகள் கொண்ட ஒரு வீட்டில் நான்கு இரவு தங்கிவிட்டு வந்தேன். காலை உணவு அவர்கள் தருவார்கள், மற்ற வேளைக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 'சுற்றுச்சூழலுக்கு இசைவான தங்குமிடம்' என்று போட்டிருந்தார்கள். அந்த வார்த்தை மீது எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. ஆனால் முதல் நாள் காலையில் வெளியே வந்தால், வீட்டுக்கார அம்மா கிணற்றுக்குள் ஒரு அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரில் உப்பு அளவு பார்க்கும் சின்ன மீட்டர். தினமும் எழுதுவாராம். "உப்பு ஏற ஆரம்பிச்சா அந்த மாசம் ஒரு அறையை மூடிடுவோம், ஆள் எடுக்க மாட்டோம்" என்றார்.

இதுவரை நான் தங்கிய எந்த 'பசுமை' விடுதியிலும் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கடலோரத்தில் நிலத்தடி நீர் நிற்கும் விதமே வேறு. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, அதனால் மணலுக்கு அடியில் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கைபென்–ஹெர்ஸ்பெர்க் என்று இருவர் பெயரால் சொல்லப்படும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு உறிஞ்சி மேலே 1 மீட்டர் இறங்கிவிட்டால், கீழேயிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறப் பார்க்கும். ஒரே நாளில் ஏறாது, மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிட்டால் மழை அதைத் திரும்பக் கீழே தள்ள வருடக்கணக்கில் ஆகும். அதுவரை பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்துதான் கெடும். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு அது தெரியவே போவதில்லை.

சில வருடங்களுக்கு முன் வேறொரு கடலோரத்தில் தங்கினேன். பெயர் வேண்டாம். மண்சுவர், மூங்கில் கூரை, காகித உறிஞ்சுகுழல், அறைக்கு அறை செடி, பார்க்க அவ்வளவு அழகு. கூடவே நீச்சல் குளம், காலையும் மாலையும் தண்ணீர் பீய்ச்சி வளர்த்த புல்தரை. கடல் கண்ணுக்கு எதிரே இருக்கும்போது குளம் எதற்கு என்று அப்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, நானும் அதில் குளித்தேன். கடைசி நாள் நடந்து போகையில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குடங்களோடு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார். வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டதாம். விடுதிதான் காரணம் என்று நான் தீர்ப்பு சொல்ல முடியாது, ஊரில் பல ஆழ்துளைக் கிணறுகள் (போர்) இருக்கும். ஆனால் திரும்பி வந்து வரவேற்பறையில் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, "இரண்டு போர் இருக்கு, எவ்வளவு வேண்டுமானாலும் வரும்" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். எனக்கு அந்த நாள் மனசே சரியில்லை. அதிலிருந்துதான் 'சுற்றுச்சூழலுக்கு இசைவான' என்ற வார்த்தையைப் பார்த்தால் சந்தேகம்.

குளியலறையில் 'துண்டைத் திரும்பப் பயன்படுத்தி பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று ஒரு அட்டை இருக்குமே, அது அங்கேயும் இருந்தது. போலிப் பசுமையைக் குறிக்க ஆங்கிலத்தில் 'கிரீன்வாஷிங்' என்கிறோமே, அந்தச் சொல்லே இந்த அட்டையை வைத்துப் பிறந்ததுதான். 1986-இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற சூழலியலாளர், விடுதிகள் துவைக்கிற செலவை மிச்சம் பிடித்துவிட்டு அதைச் சூழல் அக்கறை என்று சொல்வதைப் பற்றி எழுதியபோது பயன்படுத்தினார். அதற்காக அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துண்டைத் தினமும் துவைக்கத் தேவையில்லைதான். விருந்தினரிடம் சிக்கனம் கேட்கிறவர் தன் பக்கம் என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி.

இந்த மூன்று அறை வீட்டில் அதற்குப் பதில் இருந்தது. கூரையில் விழும் மழைநீர் வடிகட்டிக் கிணற்றுக்குப் போகிறது. குளித்த தண்ணீர் ஜல்லியும் நாணலும் நிரப்பிய ஒரு தொட்டி வழியாக இறங்கி மரங்களுக்குப் போகிறது, அதனால் எந்த சோப்பு பயன்படுத்தலாம் என்று வந்ததுமே சொல்லிவிடுகிறார்கள். கழிவறைத் தொட்டி அடியில் ஓட்டையில்லாமல் கட்டியது, கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நடந்தே காட்டினார்கள். மணற்பாங்கான இடத்தில் இது சாதாரண விஷயமில்லை, மணல் தண்ணீரைச் சட்டென்று இறக்கிவிடும், கழிவும் அதே வேகத்தில் இறங்கும். வீட்டுக்கு முன்னால் மணல்மேட்டைச் சமன் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், மேலே அடும்பங்கொடி படர்ந்து மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரவில் கடல் பக்கம் விளக்கே இல்லை. ஆமைக் குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சம் அதிகமான திசையைப் பார்த்துத்தான் ஓடும், இருட்டில் அது கடலின் பக்கம், விளக்கு எரிந்தால் வீட்டின் பக்கம். இது தெரிந்த பிறகு, டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பது எனக்குச் சிரமமாகவே தெரியவில்லை.

சிரமம் வேறு இடத்தில் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏசி கிடையாது. பகலில் கடற்காற்று, இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று, இரண்டுக்கும் எதிரெதிரே ஜன்னல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று இரவு அருமையாகத் தூங்கினேன். ஒரு இரவு காற்று நின்றுவிட்டது, மின்விசிறியோடு விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசித்துத்தான் போக வேண்டும். ஒரு அறைக்காவது ஏசி வைக்கலாம் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன், யோசிப்பதாகச் சொன்னார்கள்.

காலை உணவை முந்தைய இரவே கேட்டு, எத்தனை பேருக்கோ அத்தனை பேருக்கு மட்டும் சமைக்கிறார்கள். பத்து வகை பரப்பி வைத்துப் பாதியைக் கொட்டுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் நாள் மேசை காலியாக இருப்பதுபோலத் தெரியும். எனக்கு வயிறு நிறைந்தது.

அப்புறம் சான்றிதழ் பற்றி. உலகளாவிய நிலைத்த சுற்றுலா மன்றம் என்ற அமைப்பு அளவுகோல்களை வகுக்கிறது, நேரடியாக விடுதிகளுக்குச் சான்று தருவது அதன் அங்கீகாரம் பெற்ற வேறு நிறுவனங்கள். அப்படிச் சான்று இருந்தால் நல்லதுதான். ஆனால் அதற்கான செலவும் காகித வேலையும் மூன்று அறை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது, ஆகவே சான்று இல்லை என்பதற்காக ஒரு வீட்டைத் தள்ளிவிடாதீர்கள். வெறும் வார்த்தையை மட்டும் நம்பியும்விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டப்படி, ஆதாரமில்லாமல் 'சூழலுக்கு உகந்தது' என்று பொத்தாம்பொதுவாக விளம்பரம் செய்வது 2026 செப்டம்பர் 27 முதல் அங்கே செல்லாது. எல்லா நாட்டிலும் இது வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்வரை கேட்க வேண்டியது நாம்தான்.

அடுத்த பயணத்துக்கு இரண்டு இடங்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, கோடையில் கிணறு இறங்கினால் என்ன செய்வீர்கள்? ஒரு இடத்திலிருந்து சூரிய அஸ்தமனப் படங்கள் ஆறு வந்தன, பதில் வரவில்லை. இன்னொருவர் நாணல் தொட்டியின் படத்தை அனுப்பி, கோடையில் இரண்டு வாரம் மூடிவிடுவோம், அந்தத் தேதிகளைத் தவிர்த்து வாருங்கள் என்று எழுதியிருந்தார். என் விடுமுறைத் தேதிகளை மாற்றிக்கொண்டு அங்கேயே பதிவு செய்துவிட்டேன்.